தேட ஒன்று, மேற்கோளுக்கு ஒன்று: பழைய தமிழ் நூல்களை இணையத்தில் எங்கே எடுப்பது?

1998ஆம் ஆண்டு பொங்கலன்று, பழந்தமிழ் நூல்களை மின்னுரையாக்கும் மதுரைத் திட்டம் தொடங்கியபோது, இணையத்தில் ஒரு பழந்தமிழ் நூலைப் படிப்பதற்கே தனி எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டியிருந்தது. இன்று நிலைமை தலைகீழ். புறநானூறு வேண்டும் என்றால் ஐந்தாறு தளங்களில் பத்துப் பன்னிரண்டு வடிவங்களில் கிடைக்கும். எது மேலே வருகிறதோ அதை எடுத்துக்கொள்வதுதான் பெரும்பாலோர் வழக்கம். ஆய்வேட்டில் தவறான பக்க எண்ணும், கட்டுரையில் பிழையான பாடல் வரியும் நுழைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தளங்களை ஒப்பிடும் முன் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் இருப்பவை இரண்டே வகை: யாரோ தட்டச்சு செய்த உரை, அல்லது அச்சுப் பக்கத்தின் படம். தட்டச்சு உரையில் சொல்லைத் தேடலாம். ஆனால் அது எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்பது பல நேரம் தெரியாது. படத்தில் பதிப்பும் பக்கமும் கண்முன் இருக்கும். சொல்லைத் தேட முடியாது, அல்லது அரைகுறையாகத்தான் முடியும். எனவே தேடுவது தட்டச்சு உரையில், மேற்கோள் காட்டுவது படத்தைப் பார்த்து. கீழே வரும் பரிந்துரைகள் எல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து வருபவை.

சொல்லைத் தேட: மதுரைத் திட்டமா, தொடரடைவா?

மதுரைத் திட்டம் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்துச் சேர்த்த தொகுப்பு. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் தொடங்கியது. முதலில் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தில் (எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் முறை) வந்தவை பிறகு யூனிகோடுக்கும் மாற்றப்பட்டன. ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண் உண்டு. முதல் எண் திருக்குறளுக்கு. இதன் பெரிய வசதி, நூல் முழுவதும் ஒரே பக்கமாகவோ சில பெரிய பகுதிகளாகவோ இருப்பது. உலாவியிலேயே தேடலாம், கோப்பாகச் சேமித்துக்கொண்டு இணையம் இல்லாமலும் தேடலாம். குறை என்னவென்றால், பெரும்பாலும் மூலம் மட்டுமே இருக்கும். பாடவேறுபாடுகளும் அடிக்குறிப்புகளும் அச்சுப் பக்க எண்களும் வருவதில்லை. எந்தப் பதிப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்தார்கள் என்பது சில கோப்புகளின் தலைப்பகுதியில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. பயன்படுத்தும் முன் அந்தத் தலைப்பகுதியைப் படித்துவிடுங்கள்.

சங்க இலக்கியத்திலோ கம்பனிலோ ஒரு சொல் எங்கெல்லாம் வருகிறது என்பதே உங்கள் கேள்வி என்றால் மதுரைத் திட்டத்தைவிட ப. பாண்டியராஜா உருவாக்கிய தமிழ்த் தொடரடைவுத் தளம் நல்லது. தொடரடைவு என்பது ஒவ்வொரு சொல்லும் வரும் இடங்களை எல்லாம் அடுக்கித் தரும் பட்டியல். காரணம் சந்தி. பழைய பதிப்புகளில் ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்பது ‘யாது மூரே யாவருங் கேளிர்’ என்று புணர்ந்தே இருக்கும். அந்த வடிவத்தைத் தட்டச்சு செய்த உரையில் ‘யாவரும்’ என்று தேடினால் ஒன்றும் சிக்காது. சொல் அங்கே இல்லை என்று முடிவுகட்டிவிடுவோம். தொடரடைவு சொல் பிரித்த உரையின் மேல் கட்டப்பட்டது. சாதாரண உரையில்தான் தேடியாக வேண்டும் என்றால், முழுச் சொல்லைக் கொடுக்காதீர்கள். தலையும் வாலும் சந்தியில் மாறும். நடுவில் இருக்கும் இரண்டு மூன்று எழுத்துகள் பெரும்பாலும் மாறாது.

தேடல் தோற்பதற்கு இலக்கணம் அல்லாத காரணங்களும் உண்டு. ‘ஔவையார்’ என்று தேடினால் ‘ஒ’வும் ‘ள’வும் அடுத்தடுத்து அடித்து எழுதிய ‘ஒளவையார்’ அகப்படாது. கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ‘கௌ’, ‘கெள’ விஷயமும் இதேதான். ‘ஸ்ரீ’க்கு யூனிகோடில் இரண்டு எழுத்துத்தொடர்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ‘கொ’வில் வரும் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டு குறிகளாகவும் இருக்கலாம், நல்ல மென்பொருள் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், எல்லா மென்பொருளும் அப்படி அல்ல. இந்த நான்கையும் மாற்றி மாற்றித் தேடிப் பார்த்த பிறகுதான் ‘இல்லை’ என்று சொல்லலாம்.

உரையோடு படிக்க வேண்டியவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகப் பக்கங்கள் ஏற்றவை. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் இது. மூலமும் உரையும் சேர்ந்து கிடைப்பது கற்பிப்பவர்களுக்குப் பெரிய உதவி.

சொற்பொருளுக்கு அலைய வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939இல் பின்னிணைப்பாகவும் வந்தது, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்அகராதித் தளத்தில் முழுதாக இருக்கிறது. வின்சுலோ, பப்ரிசியசு அகராதிகளும், பரோ-எமனோவின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் அதே இடத்தில் உள்ளன. தமிழ் எழுத்திலேயே தேடலாம்.

பக்கத்தைப் பார்க்க: நான்கு களஞ்சியங்கள்

இன்டர்நெட் ஆர்க்கைவில் தமிழ்ப் படநூல்கள் குவிந்து கிடக்கின்றன. இந்திய மின்நூலகத் திட்டம் என்ற அரசுத் திட்டத்தில் வருடிய (ஸ்கேன் செய்த) நூல்களின் பெரும் தொகுதி அங்கே ஏற்றப்பட்டிருக்கிறது. அந்தத் திட்டத்தின் சொந்தத் தளம் முடங்கிய பிறகு ஆர்க்கைவ் பிரதிதான் பலருக்கும் வழி. ஆனால் அந்தத் தொகுதியில் நூற்பெயர்கள் ஒழுங்கற்ற ஆங்கில ஒலிபெயர்ப்பில் இருக்கின்றன. ‘ஊ’ ஒலியை ஒருவர் ஒற்றை ‘யூ’வாலும், இன்னொருவர் இரட்டை ‘ஓ’வாலும், மற்றொருவர் இரட்டை ‘யூ’வாலும் எழுதியிருப்பார். ‘ழ’கரம் மூன்று விதமாக வரும். எனவே நூலின் பெயரை முழுதாக அடிக்காமல், குழப்பமில்லாத ஒரு துண்டோடு ஆசிரியர் பெயரின் ஒரு துண்டைச் சேர்த்துத் தேடுங்கள். தமிழ் எழுத்தில் தனியாக ஒருமுறையும் தேடுங்கள். பிறர் ஏற்றிய வேறு பிரதி அதில்தான் வரும்.

இந்தத் தொகுதியில் தலைப்புப் பக்கம் இல்லாத நூல்களும், நடுவில் பக்கம் விட்டுப்போன நூல்களும் உண்டு. இறக்கியதும் முதல் வேலையாகக் கடைசிப் பக்கத்தின் அச்சு எண்ணைக் கோப்பின் பக்க எண்ணிக்கையோடு ஒத்துப்பாருங்கள். குறைந்தால் வேறு பிரதி தேட வேண்டியதுதான்.

ஆர்க்கைவில் நூலின் விவரப் பகுதியில் எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் மென்பொருள்) பற்றி ஒரு வரி இருக்கும். பழைய ஏற்றங்களில், இந்த மொழியை எழுத்துணரியால் படிக்க இயலாது என்ற பொருளில் ஒரு குறிப்பு நிற்கும். அல்லது தமிழ் தெரியாத மென்பொருளின் பெயர் இருக்கும். அந்த நூலின் ‘முழு உரை’ என்பது வெறும் குப்பை. தமிழ் படிக்கத் தெரிந்த டெசராக்ட் என்ற எழுத்துணரியின் பெயர் போட்டிருந்தால் உள்ளே தேடிப் பார்ப்பதில் பொருள் உண்டு.

2017இல் திறக்கப்பட்ட தமிழ் மின்நூலகம் விவரங்களைத் தமிழிலேயே தருகிறது. நூல், பருவ இதழ், சுவடி என்று பிரித்துத் தேடலாம். ஒரு குறிப்பிட்ட ஆசிரியரின் நூல்கள் என்னென்ன என்று பார்க்க இதுவே நேர்வழி. தேடல் நூற்பெயர், ஆசிரியர், பதிப்பாளர் போன்ற விவரங்களில்தான் நடக்கும். நூலின் உள்ளே நடப்பதாக எண்ணிவிட வேண்டாம். ஒவ்வொரு நூலுக்கும் உள்ள அடையாள எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதே எண்ணோடு அதே வருடல் விக்கிமீடியா பொதுவகத்திலும் இருக்க வாய்ப்புண்டு. ஓரிடத்தில் கிடைக்காதபோது மற்றோர் இடம் கைகொடுக்கும்.

இலங்கைத் தமிழ் சார்ந்த எதுவானாலும் ‘நூலகம்’ என்ற பெயர் கொண்ட தளத்தில் தொடங்குங்கள்; மற்றவை பிறகு. 2005இல் தொடங்கிய முயற்சி. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட பின் ஓர் ஊரின் அச்சு நினைவு எவ்வளவு எளிதில் அழியும் என்பதை அறிந்தவர்களின் வேலை என்பது அதன் சேகரிப்புப் போக்கிலேயே தெரியும். நூல்களோடு நிற்காமல் பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள், சிற்றிதழ்கள், நினைவு மலர்கள் எல்லாம் உள்ளன. ஒரு கிராமத்தின் வரலாறு, ஒரு நாடகக் கலைஞரின் வாழ்க்கைக் குறிப்பு போன்றவை இந்த மலர்களைவிட்டால் வேறெங்கும் கிடைக்காது. இன்னொரு பெரும் வசதி, பல இதழ்களின் பொருளடக்கம் யூனிகோடில் தட்டச்சு செய்யப்பட்டிருப்பது. அதனால் கட்டுரைத் தலைப்பை வைத்தே இதழைப் பிடித்துவிடலாம். ஒவ்வொரு ஆவணத்துக்கும் நூலக எண் உண்டு. மேற்கோளில் அதையும் சேர்த்துக் கொடுத்தால் படிப்பவர் நேரே போய்ப் பார்ப்பார். நூல் வடிவில் இல்லாத ஒலி, ஒளி, படங்களுக்கு அவர்களின் ஆவணகம் தனித்தளம்.

நான்காவது, தமிழ் விக்கிமூலம். தேடவும் மேற்கோளுக்கும் ஒரே இடத்தில் வழி செய்வது இது ஒன்றுதான்: இடப்பக்கம் உரை, வலப்பக்கம் அதே பக்கத்தின் படம். தமிழ் இணையக் கல்விக்கழகம் அளித்த நாட்டுடைமை நூல்கள் இதில் பெரும்பகுதி. ஆனால் உரையை நம்பும் முன் பக்கத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்புச் சாயல் என்றால் எழுத்துணரி துப்பியது அப்படியே இருக்கிறது, மனிதர் யாரும் பார்க்கவில்லை. மஞ்சள் என்றால் ஒருவர் மெய்ப்புப் பார்த்துவிட்டார். பச்சை என்றால் இரண்டாமவர் சரிபார்த்துவிட்டார். நீலம் சிக்கலுள்ள பக்கம், சாம்பல் உரையற்ற பக்கம். சிவப்புப் பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டிய மேற்கோள்கள் இணையத்தில் எக்கச்சக்கமாக உலவுகின்றன. ‘என்ருல்’, ‘இல்லே’ என்ற வடிவங்களைக் கண்டால் எங்கிருந்து வந்தது என்று ஊகித்துவிடலாம்.

‘என்ருல்’, ‘இல்லே’ எங்கிருந்து வருகின்றன?

1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் ணா, றா, னா ஆகியவை காலைத் தனியே போடாமல் சுழித்து எழுதிய ஒற்றை வடிவங்கள். ணை, லை, ளை, னை நான்கும் முன்னால் துதிக்கை போன்ற வளைவு கொண்டவை. இன்றைய எழுத்துருக்களை வைத்துப் பயிற்றப்பட்ட எழுத்துணரி அந்தச் சுழி ‘றா’வை ‘ரு’ என்றும், துதிக்கை ‘லை’யை ‘லே’ என்றும் படிக்கிறது. ‘ஆனால்’ என்பது ‘ஆனல்’ ஆகிறது. இதைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டாம், தேடலுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். 1978க்கு முந்தைய நூல்களில் ‘சிலை’ என்று தேடுபவர் ‘சிலே’ என்றும் ஒருமுறை தேட வேண்டும். ஆர்க்கைவின் முழு உரைத் தேடலிலும் விக்கிமூலத்திலும் இது வேலை செய்கிறது.

இன்னொரு பொறி, தமிழ் எண்கள். பழைய முகவுரைகளின் பக்க எண்கள் ௧, ௨, ௫ என்று இருக்கும். எழுத்துணரி அவற்றைக் ‘க’, ‘உ’, ‘ரு’ என்று எழுத்தாக்கிவிடும். ௨௫ஆம் பக்கம் ‘உரு’ ஆகிவிட்டிருப்பதைப் பார்த்துத் தலைசுற்ற வேண்டாம்.

நீங்களே ஒரு நூலை உரையாக்க வேண்டும் என்றால் தேர்வு இரண்டுக்குள்தான். இருபது முப்பது பக்கம் வரை என்றால் கூகுள் டிரைவ். படத்தை ஏற்றி, அதன் மேல் வலச் சொடுக்கி, கூகுள் டாக்ஸில் திறக்கச் சொன்னால் மேலே படமும் கீழே உரையும் வரும். கோப்பு 2 எம்பிக்குள் இருக்க வேண்டும் என்பது அவர்களின் அறிவுறுத்தல், எனவே பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொள்வது நல்லது. சொற்களை அது நன்றாகப் படிக்கும். பாடலின் அடிகளைச் சில இடங்களில் ஒட்டிவிடும், அடிக்குறிப்பை உரைநடைக்குள் கலந்துவிடும்.

முந்நூறு பக்க நூல், அல்லது இணையத்தில் ஏற்றக்கூடாத குடும்ப ஆவணம் என்றால் டெசராக்ட். இலவசம், நம் கணினியிலேயே ஓடும், கட்டளை ஒன்றில் கோப்புறை முழுவதையும் முடிக்கும். தமிழோடு ஆங்கிலத்தையும் சேர்த்து மொழியாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் இடையில் வரும் ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கப் பார்த்துக் குளறும். லினக்சில் தானாக நிறுவப்படுவது பெரும்பாலும் ‘வேகம்’ வகை மொழிக்கோப்பு. ‘சிறந்தது’ என்ற பெயரில் தனியாக ஒன்று இருக்கிறது. நேரம் கூடுதலாக எடுக்கும், ஆனாலும் அதையே இறக்கிப் போடுங்கள். பாடல் பக்கங்களுக்குப் பக்கப் பகுப்பு முறை 6 வைத்தால் பக்கத்தை ஒரே கட்டமாகக் கொண்டு அடி அடியாகப் படிக்கும்.

எதைத் தேர்ந்தாலும் முடிவைத் தீர்மானிப்பது படம்தான். வருடல் அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையக் கூடாது. ஆர்க்கைவிலிருந்து எடுப்பதாக இருந்தால் பிடிஎஃப் வேண்டாம். அது கடுமையாக அழுத்தப்பட்டது, புள்ளிகள் கரைந்து மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். தனிப்பக்கப் படங்களின் தொகுப்பு அதே இறக்கப் பட்டியலில் இருக்கும், அதை எடுங்கள். இரண்டு பக்கம் சேர்ந்த படத்தைப் பிரிக்காமல் கொடுத்தால் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் கோத்துக்கொண்டு வரும். ஸ்கேன் டெய்லர் என்ற இலவசக் கருவி பிரிப்பது, சாய்வு நிமிர்த்துவது, ஓரக் கறுப்பை வெட்டுவது மூன்றையும் செய்யும்.

ஆண்டும் உரிமையும்

பழைய நூலின் தலைப்புப் பக்கத்தில் ஆங்கில ஆண்டு இல்லாமல் ‘விளம்பி வருடம்’ என்று மட்டும் இருக்கலாம். அறுபதாண்டுச் சுழற்சியில் விளம்பி 1898-99ஆகவும் இருக்கும், 1958-59ஆகவும் இருக்கும். தளத்தில் கொடுத்திருக்கும் ஆண்டை அப்படியே எடுத்தால் அறுபது ஆண்டு பிசகலாம். அச்சகத்தின் பெயர், விலை, எழுத்து வடிவம், முகவுரையில் வரும் பெயர்கள் ஆகியவற்றை வைத்துச் சரிபாருங்கள். மறுபதிப்பா முதற்பதிப்பா என்பதும் இதே போன்றதுதான். உ. வே. சாமிநாதையரின் புறநானூற்று முதற்பதிப்பு 1894. ஆர்க்கைவில் கிடைக்கும் ஏதோ ஒரு பிரதியைப் பார்த்துவிட்டு அந்த ஆண்டைப் போடுவது தவறு, பக்க எண் பொருந்தாது.

இறக்கிப் படிப்பது வேறு, மீண்டும் வெளியிடுவது வேறு. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு, இலங்கையில் 70 ஆண்டு கழிய வேண்டும். 1964இல் இறந்தவரின் எழுத்து இந்தியாவில் 2025 சனவரி 1 முதல் பொதுவுடைமை. நாட்டுடைமையாக்கப்பட்டவற்றுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். ஆனால் சங்கப் பாடலுக்கு உரிமையாளர் இல்லை என்பதால் அதற்கு நேற்று எழுதப்பட்ட உரைக்கும் இல்லை என்று ஆகாது.

கண்டெடுத்ததைச் சேமிக்க

நூல் விவரங்களையும் மேற்கோள் குறிப்புகளையும் சேமித்து வைக்கும் மென்பொருள்களில் மெண்டலி, சொட்டெரோ இரண்டையும் பலர் கேட்பதுண்டு. தமிழ் நூல்களுக்குச் சொட்டெரோவே போதும். கோப்புகளைக் கணினியில் வைத்தால் இடக்கட்டுப்பாடு இல்லை, அவர்கள் மேகத்தில் வைத்தால் இலவச அளவு 300 எம்பி. படநூல்கள் இரண்டு மூன்றிலேயே அது நிரம்பிவிடும், ஆகவே ஒத்திசைவில் விவரங்களை மட்டும் விட்டுக் கோப்புகளை நிறுத்திவிடுங்கள். தமிழ்ப் பெயரை முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டத்தில் போட்டால் முதலெழுத்துகள் பின்னால் போய்த் தொங்கும். பெயர்க் கட்டத்தின் பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தி ஒரே கட்டமாக்கி ‘உ. வே. சாமிநாதையர்’ என்று முழுதாக எழுதலாம்.

தளம் இருக்கிறது என்று கோப்பை இறக்காமல் விடாதீர்கள். 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளான பிரிட்டிஷ் நூலகத்தின் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவே சில நாள்கள் மூடிக் கிடந்தது. பழைய தமிழ்த் தளங்கள் பல இருந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. அவற்றில் எஞ்சியதை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷினில் திறந்தால், யூனிகோடு அல்லாத திஸ்கி, பாமினி எழுத்தில் கிறுக்கலாகத் தெரியும். அதை வெட்டி பொங்குதமிழ் மாற்றியிலோ என்எச்எம் மாற்றியிலோ போட்டு, குறியேற்றத்தை ஒவ்வொன்றாகத் தேர்ந்து பார்த்தால் படிக்கும்படி வந்துவிடும்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் பாடல் எண் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். சொல் நினைவில்லாமல் கருத்து மட்டும் நினைவிருக்கும்போது எங்கே தேடலாம் என்று யோசனை கேட்க அவை உதவும். அவை தரும் பாடல் வரியையும் எண்ணையும் தொடரடைவில் பார்க்காமல் எழுத்தில் ஏற்றக்கூடாது. இல்லாத வரியைச் சங்க நடையில் சமைத்துத் தருவதில் அவை கெட்டி.

இத்தனையிலும் கிடைக்கவில்லை என்றால் சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் வாங்கியதிலிருந்து உருவானது. அட்டவணையை இணையத்தில் தேடலாம். நூல் இருப்பது தெரிந்ததும், நூற்பெயர், ஆசிரியர், அச்சகம், ஆண்டு, வேண்டிய பக்கங்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு எழுதிக் கேளுங்கள். ‘புறநானூறு பழைய பதிப்பு’ என்று மட்டும் எழுதினால் எந்தப் பதிப்பு என்று திருப்பிக் கேட்பதைத் தவிர அவர்களுக்கும் வழியில்லை.